மஃபின் சுடத் தெரியுமா என்று கேட்கப்பட்டவர்

1984 ஆகஸ்டில் ஜெரால்டின் ஃபெராரோ மிசிசிப்பி மாநிலத்துக்குப் பிரச்சாரத்துக்குப் போயிருந்தார். அமெரிக்காவின் இரு பெரிய கட்சிகளில் ஒன்று துணை அதிபர் பதவிக்கு ஒரு பெண்ணை நிறுத்தியது அதுவே முதல் முறை. நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் அரசு வழக்கறிஞராக இருந்து, பிறகு மூன்று முறை நாடாளுமன்றத்தின் கீழவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். மிசிசிப்பியின் வேளாண்மைத் துறையை நெடுங்காலமாக நிர்வகித்துவந்த ஜிம் பக் ராஸ் என்ற முதியவர், தங்கள் மண்ணில் புதிதாக என்னென்ன பயிரிடுகிறார்கள் என்பதை அவருக்கு விளக்கிக்கொண்டிருந்தார். புளூபெர்ரியைப் பற்றிப் பேச்சு வந்ததும், அந்தப் பழத்தைப் போட்டு மஃபின் சுடத் தெரியுமா என்று கேட்டார். நன்றாகவே தெரியும், உங்களுக்குத் தெரியுமா என்று ஃபெராரோ திருப்பிக் கேட்டார். எங்கள் மிசிசிப்பியில் ஆண்கள் சமைப்பதில்லை என்று பதில் வந்தது.

கேட்டவர் எதிர்க்கட்சிக்காரர் அல்லர். ஃபெராரோவின் ஜனநாயகக் கட்சியைச் சேர்ந்தவரே. கேள்வியில் வன்மம் இருந்ததாகவும் தெரியவில்லை. வீட்டுக்குப் புதிதாக வந்த மருமகளிடம் 'என்னம்மா, சமையலெல்லாம் வருமா' என்று பெரியவர்கள் கேட்பார்களே, அந்த வாஞ்சைதான் அதில் இருந்தது. வேட்பாளர்களைப் பற்றிப் பொதுவெளியில் நடக்கும் பேச்சை எடைபோடும்போது நாம் பெரும்பாலும் வசவுகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறோம். வசவு எதுவும் இல்லாத இந்த வாஞ்சையின் முன்னால், நாட்டின் இரண்டாவது உயர்ந்த பதவிக்குப் போட்டியிடும் ஒருவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்ல வேண்டியிருப்பதை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்த ஆண்டு முழுவதும் ஃபெராரோவுக்கு இப்படித்தான் போயிற்று. அக்டோபர் 11 அன்று பிலடெல்பியாவில் நடந்த துணை அதிபர் வேட்பாளர்கள் விவாதத்தில், ஈரானில் நடந்ததற்கும் லெபனானில் அமெரிக்கத் தூதரகத்துக்கு நேர்ந்ததற்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொள்ளத் தாம் உதவுவதாக ஜார்ஜ் புஷ் அவரிடம் சொன்னார். வெளியுறவுக் கொள்கையில் தமக்குப் பாடம் நடத்தும் அந்த மனப்பான்மையை ஃபெராரோ அங்கேயே கண்டித்தார். அதே மேடையில், நீங்கள் பெண் என்ற ஒரே காரணத்தால் சோவியத் ஒன்றியம் உங்களைச் சீண்டிப் பார்க்கத் துணியாதா என்று ஒரு பத்திரிகையாளர் கேட்டார். தொலைக்காட்சி நேர்காணல் ஒன்றில், அணு ஆயுதப் பொத்தானை அழுத்தும் மனத்திடம் உங்களுக்கு உண்டா என்ற கேள்வியும் வந்தது. கணவர் ஜான் சக்காரோவின் தொழில் கணக்குகளும் வரிக் கணக்குகளும் பிரச்சாரத்தின் தொடக்க வாரங்களை விழுங்கின. கணக்கைக் கேட்டது நியாயம்தான். ஆனால் அதன் ஓரத்திலேயே, இத்தாலிய வம்சாவளிக் குடும்பம் என்பதால் மாஃபியா தொடர்பு இருக்குமோ என்ற சாடைப் பேச்சும் பத்திரிகைகளில் நடந்தது. நவம்பரில் எதிரணியின் ரீகன் 50 மாநிலங்களில் 49ஐ வென்றார். ஆக, பெண் என்பதற்காக இழிவுபடுவதும், பிறந்த கூட்டத்துக்காகச் சந்தேகப்படுவதும் எப்படியிருக்கும் என்பதை அந்த நான்கு மாதங்களில் ஒருசேர அனுபவித்தவர் ஃபெராரோ.

அந்த ஃபெராரோதான், 24 ஆண்டுகள் கழித்து, 2008 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஒரு சிறிய நாளிதழுக்கு அளித்த பேட்டியில், ஒபாமா ஒரு வெள்ளை ஆணாக இருந்திருந்தால் இந்த இடத்துக்கு வந்திருக்க மாட்டார் என்றார். எந்த நிறத்துப் பெண்ணாக இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார், அவர் அவராகப் பிறந்தது அவருடைய அதிர்ஷ்டம் என்றும் சேர்த்துக்கொண்டார். கண்டனம் எழுந்தபோது, தாம் வெள்ளையர் என்பதால்தான் தம்மைத் தாக்குகிறார்கள் என்றார். வேட்பாளர் இடத்துக்கு ஒபாமாவோடு போட்டியிட்ட ஹிலாரி கிளின்டனின் நிதிக்குழுவில் வகித்த பொறுப்பிலிருந்து சில நாட்களில் விலகினாரே தவிர, சொன்னதைத் திரும்பப் பெறவில்லை. 1988இலேயே, அப்போது போட்டியிட்ட கறுப்பினத் தலைவர் ஜெஸ்ஸி ஜாக்சனைப் பற்றியும் ஏறக்குறைய இதையே அவர் சொல்லியிருந்தார் என்பதைப் பத்திரிகையாளர்கள் தோண்டியெடுத்தார்கள்.

அவரை இனவெறியர் என்று ஒரு சொல்லில் ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒரு காயத்தை அனுபவித்தவருக்கு இன்னொரு காயம் தானாகவே புலப்பட்டுவிடும் என்று நாம் எல்லோரும் நம்ப விரும்புகிறோம். அந்த நம்பிக்கை எவ்வளவு பொய்யானது என்பதை, ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடந்த 2008 பிரைமரித் தேர்தல்கள் காட்டியதுபோல வேறு எதுவும் காட்டியதில்லை. ஒரே கட்சிக்குள், ஒரே பதவிக்கு, ஒரு வெள்ளைப் பெண்ணும் ஒரு கறுப்பின ஆணும் மோதிய அந்த ஐந்து மாதங்களில், இருவருக்கும் நடந்த அநியாயங்களைத் தராசில் வைத்து எது கனமானது என்று நிறுத்துப் பார்ப்பதே அரசியல் பேச்சாகிவிட்டது.

ஹிலாரிக்கு நடந்தது வெளிப்படையாக, சிரிப்போடு நடந்தது. 2007 ஜூலையில், செனட் அவையில் அவர் பேசியபோது அணிந்திருந்த மேலாடையின் கழுத்து எவ்வளவு இறக்கமாக இருந்தது என்பதைப் பற்றி வாஷிங்டன் போஸ்ட் ஒரு முழுக் கட்டுரையே வெளியிட்டது. அந்த ஆண்டு நவம்பரில் தென் கரோலினாவில் ஒரு பெண், ஹிலாரியை நாய்க்குரிய வசைச் சொல்லால் குறிப்பிட்டு, அதை நாம் எப்படித் தோற்கடிப்பது என்று குடியரசுக் கட்சியின் ஜான் மெக்கெய்னிடம் கேட்டார். மெக்கெய்ன் சிரித்துவிட்டு, அருமையான கேள்வி என்றார். ஹிலாரியின் உருவத்தில் செய்த பாக்குவெட்டி போன்ற ஒரு கொட்டை உடைப்பான், அதுவும் தொடைகளுக்கு நடுவே வைத்து உடைப்பது, கடைகளில் வேடிக்கைப் பொருளாக விற்றது. 2008 ஜனவரி 7 அன்று நியூ ஹாம்ப்ஷயரின் சேலம் நகரில் அவர் பேசிக்கொண்டிருந்தபோது, இரண்டு ஆண்கள் எழுந்து நின்று 'என் சட்டைக்கு இஸ்திரி போடு' என்று பதாகையைப் பிடித்துக்கொண்டு கத்தினார்கள். அரங்கத்தின் விளக்குகளைப் போடச் சொல்லி, பாலினப் பாகுபாட்டின் மிச்சசொச்சங்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கின்றன என்று ஹிலாரி சமாளித்தார். அன்று காலையில்தான் போர்ட்ஸ்மத் நகரின் ஒரு காபிக் கடையில், இதையெல்லாம் எப்படித் தாங்குகிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டபோது அவருடைய கண் கலங்கியிருந்தது. அந்தக் கண்ணீர் நிஜமா நடிப்பா என்று நாடு முழுவதும் தொலைக்காட்சிகள் பட்டிமன்றம் நடத்தின. மறுநாள் அவர் அந்த மாநிலத்தில் வென்றார். அதற்கும் அடுத்த நாள், அவர் செனட்டர் ஆனதே கணவர் நடத்தை தவறியதால் கிடைத்த அனுதாபத்தில்தான் என்று எம்எஸ்என்பிசி தொகுப்பாளர் கிறிஸ் மேத்யூஸ் சொல்லிவிட்டு, ஒரு வாரம் கழித்து வருத்தம் தெரிவித்தார்.

ஒபாமாவுக்கு நடந்தது வேறு வகை. அது பெரும்பாலும் குரலைத் தாழ்த்திக்கொண்டு வந்தது. சிறுவயதில் இந்தோனேசியாவில் மதரசாவில் படித்தவர், ரகசிய முஸ்லிம், குரான் மீது கைவைத்துப் பதவியேற்றவர் என்று மின்னஞ்சல்கள் கைமாறிக் கைமாறிப் போயின. ஹுசேன் என்ற அவருடைய நடுப்பெயரை மேடையில் அழுத்தி அழுத்திச் சொல்வது ஒரு உத்தியாகவே வளர்ந்தது. கென்யப் பயணத்தில் சோமாலிய உடையை அணிந்து எடுத்த பழைய படம், குற்றத்துக்கான சான்று போலச் சுற்றுக்கு விடப்பட்டது. புகழ்ச்சியின் வழியாகவும் அது வந்தது. 2007 ஜனவரி இறுதியில், தாமும் போட்டியிடுவதாக அறிவித்த அதே நாளில், ஒபாமா தெளிவாகப் பேசுகிறவர், புத்திசாலி, சுத்தமானவர், பார்க்கவும் நன்றாக இருப்பவர், மையநீரோட்டத்தில் இப்படியொரு கறுப்பர் வந்தது இதுவே முதல் முறை என்ற பொருள்படும்படி ஜோ பைடன் பேசியது வெளியானது. சுத்தமானவர் என்ற அந்தச் சொல்லை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 'பார்த்தால் அந்த ஆள் மாதிரியே தெரியாது' என்று சாதியை மனதில் வைத்துக்கொண்டு பாராட்டுகிற வழக்கம் நமக்குப் பழக்கமானதுதான். பிறகு ஒபாமா அதே பைடனைத் துணை அதிபராக்கிக்கொண்டார். வெள்ளைத் தொழிலாளர்களின் வாக்கை உறுதிசெய்ய ஒரு வெள்ளை முகம் தேவைப்பட்டது என்று அப்போது எல்லோரும் இயல்பாகச் சொன்னார்கள், பைடன் பிறப்பின் அதிர்ஷ்டத்தால் வந்தவர் என்று மட்டும் ஒருவரும் சொல்லவில்லை.

ஹிலாரியின் ஆதரவாளர்கள் அந்த நாட்களில் அடிக்கடி ஒரு கேள்வியைக் கேட்டார்கள்: ஒபாமாவின் கூட்டத்தில் யாராவது எழுந்து 'என் ஷூவுக்குப் பாலிஷ் போடு' என்று கத்தியிருந்தால் இந்த நாடு சிரித்திருக்குமா? பாலினத்தை வைத்துச் சொன்னால் வேடிக்கை, நிறத்தை வைத்துச் சொன்னால்தான் கண்டனம் என்பது அவர்களுடைய ஆதங்கம். தொலைக்காட்சி நிலையங்களைப் பொறுத்தவரை அதில் உண்மை இருந்தது. நிலையத்துக்கு வெளியே அது உண்மையல்ல. அந்த மே மாதத்தில் ஜார்ஜியா மாநிலத்தின் மரியெட்டா நகரில் ஒரு மதுக்கடை, குரங்குப் படத்தின் கீழ் ஒபாமாவின் பெயரை அச்சிட்ட டி-ஷர்ட்டுகளை விற்றுக்கொண்டிருந்தது. ஒன்று தொலைக்காட்சியில் சிரித்தது, இன்னொன்று அஞ்சல்பெட்டியிலும் மதுக்கடையிலும் சிரித்தது. எங்கே சிரித்தது என்பதை வைத்து எது கடுமை என்று முடிவுகட்டுவது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை.

நியூ ஹாம்ப்ஷயரில் வாக்குப்பதிவு நடந்த அன்று நியூயார்க் டைம்ஸில் பெண்ணியத் தலைவர் குளோரியா ஸ்டைனம் எழுதிய கட்டுரை, அமெரிக்க வாழ்வில் மனிதரைக் கட்டிப்போடும் மிகப் பெரிய விலங்கு அநேகமாகப் பாலினமே என்றது. கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை கிடைத்து அரை நூற்றாண்டு கழித்துத்தான் எந்த நிறத்துப் பெண்ணுக்கும் கிடைத்தது என்று அதற்குச் சான்று காட்டியது. சட்டப் புத்தகத்தின்படி 1870க்கும் 1920க்கும் இடையே அந்த ஐம்பது ஆண்டுகள் இருக்கின்றன. ஆனால் தெற்கு மாநிலங்களில் வாக்குரிமை காகிதத்தில் இருந்த கறுப்பின ஆண், வாக்குச்சாவடிக்குப் போகத் துணிந்தால் உயிரோடு திரும்புவது நிச்சயமில்லாமல் இருந்தது. எழுத்தறிவுத் தேர்வு, வாக்கு வரி, கும்பல் கொலை ஆகியவற்றைத் தாண்டி அந்த உரிமை கைக்கு வர 1965 வரை ஆயிற்று. 1920இல் வாக்குரிமை பெற்றதாகச் சொல்லப்படும் பெண்களிலும் தெற்கத்திக் கறுப்பினப் பெண்கள் அதே 1965 வரை காத்திருந்தார்கள். ஸ்டைனம் இதையெல்லாம் அறியாதவர் அல்லர். அந்தக் கட்டுரையிலேயே, யார் அதிகம் துன்பப்பட்டார் என்ற போட்டியை நடத்தவில்லை என்று சொல்லவும் செய்தார். சொல்லிவிட்டு, போட்டியை நடத்தினார் என்பதுதான் என் குறை.

அந்தத் தராசில் ஏற முடியாதவர்கள் சிலர் இருந்தார்கள். பெண்கள் ஒரு தட்டிலும் கறுப்பர்கள் இன்னொரு தட்டிலும் என்று பிரித்துவிட்டால், கறுப்பினப் பெண் எந்தத் தட்டில் நிற்பாள்? 2008இல் மிஷெல் ஒபாமா வேட்பாளர் அல்லர். ஆயினும் ஜூன் மாதத்தில் ஃபாக்ஸ் நியூஸ் திரையின் கீழே ஓடிய எழுத்துகளில், திருமணமாகாமல் ஒருவனுக்குப் பிள்ளை பெற்றவளைக் குறிக்கும் தெருச்சொல்லால் அவர் அழைக்கப்பட்டார். பிரின்ஸ்டனிலும் ஹார்வர்டிலும் படித்த வழக்கறிஞர், திருமணமாகி 15 ஆண்டுகளைக் கடந்தவர். மேடையில் கணவரோடு முஷ்டியை முட்டிக்கொண்டதை, பயங்கரவாதிகளின் சைகையாக இருக்கலாமோ என்று அதே அலைவரிசையில் ஒரு தொகுப்பாளர் கேட்டார். எப்போதும் கோபத்தில் கொதிக்கும் கறுப்பினப் பெண் என்ற அச்சு ஏற்கெனவே தயாராக இருந்தது. அவரை அதில் ஊற்றினார்கள். ஹிலாரிக்காகப் பொங்கிய குரல்கள் மிஷெலுக்காக அதே அளவில் பொங்கவில்லை. அதற்குப் பெண்ணியவாதிகள் சிலர் பின்னர் வருந்தியதுண்டு.

1972ஐத் திரும்பிப் பார்த்திருந்தால் இந்தக் குழப்பம் பாதியாகக் குறைந்திருக்கும். 1968இல் புரூக்ளினிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டு நாடாளுமன்றத்துக்குள் நுழைந்த முதல் கறுப்பினப் பெண்ணான ஷெர்லி சிஷோம், 1972 ஜனவரியில் புரூக்ளினின் ஒரு தேவாலயத்தில் அதிபர் பதவிக்குத் தம் போட்டியை அறிவித்தார். தாம் கறுப்பர், அதில் பெருமைதான், ஆனால் கறுப்பர்களின் வேட்பாளர் அல்ல. தாம் பெண், அதிலும் அதே பெருமைதான், ஆனால் பெண்கள் இயக்கத்தின் வேட்பாளரும் அல்ல என்று அவர் சொன்னார். இரண்டு கூட்டமும் அவர் கேட்டுக்கொண்டபடியே நடந்துகொண்டன என்று கசப்பாகச் சொல்லலாம். கறுப்பின ஆண் தலைவர்களில் பெரும்பாலோர், முதல் கறுப்பின வேட்பாளர் ஒரு பெண்ணாக இருப்பதா என்று ஒதுங்கினார்கள். பெண்கள் இயக்கத்தின் முன்னணியினரில் பலர், வெல்ல வாய்ப்புள்ள ஜார்ஜ் மெகவர்னின் பக்கம் சாய்ந்தார்கள். ஸ்டைனம் நியூயார்க்கில் சிஷோமின் பிரதிநிதியாக நின்றார் என்பதையும் சொல்லியாக வேண்டும். மயாமி பீச் நகரில் நடந்த கட்சி மாநாட்டில் சிஷோமுக்கு 152 வாக்குகள் கிடைத்தன. இனப்பிரிவினையைக் கட்டிக்காத்த ஜார்ஜ் வாலஸ் மே மாதத்தில் சுடப்பட்டு மருத்துவமனையில் கிடந்தபோது சிஷோம் நேரில் போய்ப் பார்த்ததையும், அதற்காகத் தம் தொகுதி மக்களிடமே திட்டு வாங்கியதையும் படிக்கும்போது, எந்தத் தராசிலும் நிற்க மறுத்த ஒரு ஆளை அடையாளம் காண முடிகிறது. நிறத்தைவிடப் பெண் என்பதற்காகவே தமக்கு அதிகத் தடைகள் வந்தன என்று அவரே சொல்லியிருக்கிறார். இரண்டையும் தம் உடம்பில் அனுபவித்த ஒருவர் அப்படிச் சொல்வதற்கும், ஒன்றை மட்டும் அனுபவித்தவர் மற்றதை அளந்து சொல்வதற்கும் வேறுபாடு இருக்கிறது.

இனி ஃபெராரோவின் வாதத்துக்கு வருகிறேன். தம் பெயர் ஜெரால்டினாக இல்லாமல் ஜெரார்டாக இருந்திருந்தால் 1984இல் தம்மையும் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள் என்று அவரே ஒப்புக்கொண்டார். ஆகவே ஒபாமாவைப் பற்றித் தாம் சொன்னதில் தவறில்லை என்பது அவர் நியாயம். அவருடைய நேர்மையை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் அவரைத் தேர்ந்தெடுத்தது அந்த ஆண்டின் அதிபர் வேட்பாளர் வால்டர் மான்டேல் என்ற ஒரு மனிதர். ஒபாமாவோ அந்தப் பேட்டி வெளிவந்தபோது இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மக்களிடம் வாக்குக் கேட்டு வென்றிருந்தார். அவ்வளவு வாக்குகளையும் அதிர்ஷ்டத்தின் கணக்கில் எழுதிவிட முடிந்தது என்றால், அங்கே நடந்தது கணக்குப் பிழை மட்டும் அல்ல.

இந்த வாதத்துக்கு நம் ஊரில் ஒரு பெயர் உண்டு: 'கோட்டாவில் வந்தவர்'. கல்லூரி விடுதிகளிலும் அலுவலக உணவுக்கூடங்களிலும் முதுகுக்குப் பின்னால் சொல்லப்படும் அந்த வாக்கியத்தைக் கேட்காத தமிழர் இருக்க முடியாது. 2024 ஜூலையில் பைடன் விலகி, கமலா ஹாரிஸ் வேட்பாளரானபோது, டென்னசி மாநிலத்தின் குடியரசுக் கட்சி நாடாளுமன்ற உறுப்பினர் டிம் பர்செட் அவரைப் பற்றிச் சொன்னதும் சாரத்தில் அதுவே: பன்முகத்தன்மைக்காக வேலைக்கு எடுக்கப்பட்டவர். சான் பிரான்சிஸ்கோவின் மாவட்ட வழக்கறிஞர், கலிஃபோர்னியாவின் தலைமை வழக்கறிஞர், செனட்டர் என்று மூன்று பதவிகளுக்கும் வாக்குப் பெற்று வந்தவர், மூன்றரை ஆண்டுகள் துணை அதிபராக இருந்தவர். பெண் ஒருவரைத் துணை அதிபர் வேட்பாளராக்குவேன் என்று 2020 மார்ச்சிலேயே பைடன் அறிவித்துவிட்டது உண்மைதான். மதப்பற்று மிக்க வெள்ளையரின் வாக்குக்காக 2016இல் டிரம்ப் மைக் பென்ஸைத் துணை அதிபர் வேட்பாளராகச் சேர்த்துக்கொண்டதும் அதே வகைக் கணக்குத்தான், அதற்கு யாரும் கோட்டா என்று பெயர் வைக்கவில்லை. ஒரு வெள்ளைப் பெண் 2008இல் கறுப்பின ஆணை நோக்கி வீசிய வாதம், 2024இல் கறுப்பினப் பெண்ணை நோக்கிப் பறந்தது. சொன்னவர்கள் மாறினார்கள், வாதம் அப்படியே இருந்தது.

கமலா ஹாரிஸ் விஷயத்தில் தமிழ் வாசகர்களான நாம் வெளியாட்கள் அல்லர். தாயார் ஷியாமளா கோபாலன் சென்னையில் பிறந்தவர், தாத்தா பி.வி. கோபாலனின் ஊர் மன்னார்குடிக்கு அருகிலுள்ள துளசேந்திரபுரம். 2020 ஆகஸ்ட் மாநாட்டு உரையில் அவர் 'சித்தி' என்ற சொல்லை உச்சரித்ததும், துளசேந்திரபுரம் தர்மசாஸ்தா கோயிலில் அவர் வெற்றிக்காகப் பூஜை நடந்ததும் நம் செய்திகளில் பல நாட்கள் ஓடின. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவிலும் வாழ்த்துப் படங்கள் குவிந்தன. அந்தப் படங்களில் தாயும் தாத்தாவும் இருந்தார்கள். ஜமைக்காவில் பிறந்து ஸ்டான்ஃபோர்டில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த தந்தை டொனால்ட் ஹாரிஸ் ஒன்றில்கூட இல்லை. கறுப்பர்களுக்கென்று தொடங்கப்பட்ட ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் அவர் படித்ததை யாரும் நினைவுகூரவில்லை. 2024இல் அதே குழுவில், வாழ்த்துப் படம் போட்ட கையாலேயே ஒரு பெரியவர், இளம் வயதில் அவருக்கு ஒரு மூத்த அரசியல்வாதியோடு இருந்த நட்பைப் பற்றிய அமெரிக்க அவதூறு ஒன்றைத் தமிழாக்கிப் போட்டார். 'இவங்க எப்படி மேல வந்தாங்கன்னு தெரியுமா' என்று மேலே ஒரு வரியும் சேர்த்திருந்தார். நாலைந்து சிரிப்புக் குறிகள் விழுந்தன. நம்ம பொண்ணு என்று உரிமை கொண்டாடும்போது அவரிலிருந்து கறுப்பை வெட்டிவிட்டு எடுத்துக்கொண்டோம். பெண் என்று தூற்ற நேர்ந்தபோது முழுதாக அமெரிக்கர்களிடம் ஒப்படைத்துவிட்டோம்.

இதே வெட்டு வேலையைத்தான் டொனால்ட் டிரம்ப் 2024 ஜூலை 31 அன்று சிகாகோவில், கறுப்பினப் பத்திரிகையாளர் சங்கத்தின் மேடையிலேயே அமர்ந்து செய்தார்: இத்தனை நாள் இந்தியராக இருந்தவர் திடீரென்று கறுப்பராக மாறிவிட்டார் என்றார். அதற்கு முன் 2020 அக்டோபரில், ஜார்ஜியாவின் மேக்கன் நகரில் டிரம்ப் கூட்டத்தில் பேசிய செனட்டர் டேவிட் பெர்டியூ, மூன்று ஆண்டுகளுக்கும் மேலாகச் செனட்டில் உடன் அமர்ந்திருந்தவரின் பெயரை 'கமாலா, கமலா-மலா-மலா, என்னவோ ஒன்று' என்று கொச்சைப்படுத்திக் கூட்டத்தைச் சிரிக்கவைத்தார். தவறாக உச்சரித்துவிட்டாரே தவிர வேறொன்றும் இல்லை என்று அவர் தரப்பு விளக்கம் சொன்னது. குழந்தை பெறாத பூனைக்காரப் பெண்மணிகள் நாட்டை ஆள்கிறார்கள் என்று ஜே.டி. வான்ஸ் 2021இல் சொன்னது 2024இல் மேலெழுந்தபோது, கமலா வளர்த்த, கணவரின் முதல் மணத்துப் பிள்ளைகள் இருவரின் பெற்ற தாயே முன்வந்து, அவரும் தங்களோடு சேர்ந்து பிள்ளைகளை வளர்த்தவர் என்று சொல்ல வேண்டிவந்தது. 2024 செப்டம்பரில், டிரம்ப்புக்கு நெருக்கமான ஒரு வலதுசாரிப் பிரச்சாரகர், கமலா வென்றால் வெள்ளை மாளிகையில் கறி மசாலா வாசனை அடிக்கும் என்று எழுதினார்.

இத்தனைக்கும் கமலா சொன்ன பதில் மிகச் சுருக்கமானது. அந்த ஆகஸ்ட் இறுதியில் சிஎன்என் நேர்காணலில், கறுப்பராக மாறினார் என்ற பேச்சைப் பற்றிக் கேட்டபோது, அதே பழைய, சலித்துப்போன உத்தி, அடுத்த கேள்வியைக் கேளுங்கள் என்றார். அவர் வேறு என்ன செய்திருக்க முடியும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 1984இல் ஃபெராரோ மேடையிலேயே கண்டித்தபோது, கோபக்காரி என்ற பெயர் வந்தது. 2008இல் ஹிலாரி பாலினப் பாகுபாட்டைச் சுட்டிக்காட்டியபோது, அனுதாபம் தேடுகிறார் என்றார்கள். இனத்தைப் பற்றி நீண்ட உரை நிகழ்த்தும் வாய்ப்பு, தம் பாதிரியாரின் பேச்சுகளால் நெருக்கடிக்கு உள்ளான ஒபாமாவுக்கு 2008 மார்ச் 18 அன்று பிலடெல்பியாவில் கிடைத்தது; அவர் அதை நன்றாகவே பயன்படுத்திக்கொண்டார். நிறமும் பாலினமும் ஒன்றாகப் பின்னிக்கிடக்கும் ஒருவர் அப்படி ஒரு உரையை நிகழ்த்தினால் கேட்கும் பொறுமை யாருக்கு இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

கமலாவின் தோல்விக்குப் பிறகு பேச்சு வேறு உருவத்தில் வந்தது. பெண் ஒருவர் அதிபராவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, ஆனால் மற்றவர்கள் வாக்களிக்க மாட்டார்கள் என்பது அந்த உருவம். வசவைவிட இது எனக்கு அதிகக் கவலையளிக்கிறது, ஏனென்றால் இதைச் சொல்பவர்கள் நல்லவர்கள், பல வேளைகளில் பாதிக்கப்பட்டவர்களும்கூட. 1972இல் சிஷோமைக் கைவிட்டவர்கள் சொன்னது இதையே. 2025 நவம்பரில் புரூக்ளினில் ஒரு மேடையில் பேசிய மிஷெல் ஒபாமா, பெண்ணை அதிபராக ஏற்க நாடு இன்னும் தயாராக இல்லை என்பதைக் கடந்த தேர்தல் காட்டிவிட்டது என்றார். அவர் பட்டதைப் படித்த எனக்கு, அவர் அப்படிச் சொல்வதன் நியாயம் புரிகிறது. ஆனால் அந்த முடிவை ஏற்க முடியவில்லை. 2016இல் ஹிலாரி கிளின்டன் டிரம்ப்பைவிட ஏறத்தாழ 29 லட்சம் வாக்குகள் அதிகம் பெற்றும், மாநில வாரியான தேர்வாளர் முறையால் தோற்றார். 2024இல், விலைவாசி ஏற்றத்தால் ஆளுங்கட்சி மீது மக்கள் கடுங்கோபத்தில் இருந்த ஆண்டில், வாக்குப்பதிவுக்கு மூன்றரை மாதங்களே இருக்கும்போது வேட்பாளரான கமலா ஹாரிஸுக்கு ஏழரைக் கோடிப் பேர் வாக்களித்தார்கள், 48.3 விழுக்காடு, டிரம்ப்புக்கு 49.8. இந்த எண்களை வைத்துக்கொண்டு 2028க்கு ஒரு வெள்ளை ஆணைத்தான் தேட வேண்டும் என்று அந்தக் கட்சிக்குள் பேசுபவர்கள், பெண் என்பதால் குறைந்த வாக்கு எவ்வளவு, விலைவாசியால் குறைந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டட்டும்.